ஏடறிந்தோன் இறந்த நாள்

பெத்தேன் இத்சா ஏரியின் நடுவே ஒரு தீவு. இன்று அதன் பெயர் புளோரெஸ். குவாத்தமாலாவின் வடபுலத்துச் சிறுநகர். தகரக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் மேடேற, உச்சியில் வெள்ளைத் தேவாலயம் நிற்கிறது. அம்மேட்டில் முன்னாளில் நின்றவை வேறு கோயில்கள். நோஹ்பெத்தேன் என்பது அந்நாளைப் பெயர். இத்சா மாயர் கோமான் கான் ஏக் வீற்றிருந்த தலைநகர். 1697 மார்ச் 13 அன்று மார்த்தின் தே உர்சுவாவின் படை மரக்கலம் ஏறி ஏரி கடந்தது. அற்றைப் பகலிலேயே அரண் அழிந்தது, அரசு வீழ்ந்தது, தொழுத உருவங்கள் துகளாயின. எசுப்பானியர்க்குத் தலை வணங்காது நின்ற கடைசி மாய அரசு அதுவே.

வீழ்ந்த வேந்தனுக்கு இரங்கப் பலர் உளர். யான் இரங்குவது அவன் அவையில் ஏடு விரித்து நாள் சொன்னானே, அவனுக்கு.

ஏட்டாளனே! உன் பெயர் அறியேன். உன் தொழில் அறிவேன். காட்டத்தியின் பட்டையைத் தட்டித் தாளாக்கினாய். சுண்ணம் பூசி வெளுப்பாக்கினாய். விசிறிபோல் மடித்து ஏடு செய்தாய். பிளந்த சங்கு உன் குலத்தார்க்கு மைக்கூடு. கருமையும் செம்மையும் தோய்ந்த தூரிகையால் வெள்ளி எழும் நாளையும் மறையும் நாளையும் எழுதினீர்கள்; ஞாயிறும் திங்களும் இருளுண்ணும் நாளை முன்னரே குறித்தீர்கள். எத்தனை ஏடு எழுதினீர்களோ! எஞ்சியவை நான்கே. ஒன்று திரெஸ்தனில், ஒன்று மத்ரித்தில், ஒன்று பாரிசில், ஒன்று மெக்சிகோவில். திரெஸ்தன் ஏடு 1945ஆம் ஆண்டுப் போரழிவில் நீர் புகுந்து நைந்தது. தீக்குத் தப்பியதை நீரும் விட்டபாடில்லை.

தீ மூட்டியவர் பெயர் மட்டும் மறையாமல் நிற்கிறது. 1562 சூலை 12 அன்று, யுக்கத்தான் நாட்டு மானி என்னும் ஊரில், பிரான்சிஸ்கத் துறவி தியேகோ தே லாந்தா மாய ஏடுகளை அழலில் இட்டார். பேயின் பொய் அன்றி அவற்றில் வேறில்லை என்பது அவர் துணிபு. எரிவது கண்டு அம்மக்கள் பெரிதும் நொந்தனர் என்றும் அவரே எழுதி வைத்தார். எரித்தவர் எழுத்தே எரிபட்டோர் துயருக்குச் சான்றாய் வாய்த்ததே! அதே துறவி, எசுப்பானிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் உங்கள் எழுத்து எது என்று கேட்டு, அரைகுறையாய் ஒரு பட்டியலும் வரைந்தார். 1952இல் யூரி கினொரோசோவ் என்னும் உருசிய அறிஞர் உங்கள் எழுத்தின் ஒலிநெறியைக் காட்டியது அப்பட்டியலைத் துணைக்கொண்டே. பூட்டியவர் கையிலேயே திறவுகோலும் கிடந்தது.

பூட்டியவரின் எசுப்பானிய மொழியைக் கற்கவே யான் இக்கரை வந்தேன். தீவுக்கு எதிரே, வடகரையில், சான் ஹோசே என்னும் இத்சா ஊர். காலையில் ஓர் ஆசிரியை, ஒரு மாணவன், இடையே ஒரு மரமேசை. இந்நாட்டில் எசுப்பானியம் கற்பிக்கும் முறை அது. பிற்பகலில் ஊரார் பேணும் மூலிகைத் தோட்டத்தில் கூலி பெறாத் தொண்டு. நாற்றுப் பைகளில் மண் நிரப்புவேன். செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவேன். பலகைக்கு மூன்று வரி: முதல் வரி இத்சா, அடுத்தது எசுப்பானியம், அதன்கீழ்த் தாவர நூலார் இட்ட பெயர்.

முதல் வரிக்கு உரியவள் ஒரு மூதாட்டி. இலையைக் கிள்ளுவாள், உள்ளங்கையில் கசக்கி முகர்வாள், பின் பெயர் சொல்வாள். சொல்லச் சொல்ல எழுதுவேன். சில செடிகளிடம் வந்ததும் முகர்ந்தபடியே நெடுநேரம் நிற்பாள். இன்ன காய்ச்சலுக்கு இது, இன்ன வயிற்றுவலிக்கு இது, இவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று எசுப்பானியத்தில் எல்லாம் சொல்வாள். இத்சாப் பெயர் மட்டும் வராது. 1930களில் இவ்வூர்ப் பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அடிக்கு அஞ்சிப் பெற்றோர் வாய் மூடினர். வாய் மூடிய வீட்டில் சொல் வளருமோ? இன்று இத்சாவைத் தாய்மொழியாய்ப் பேசுவார் முதியோர் சிலரே. அச்செடிகளின் பலகையில் முதல் வரியை வெறுமையாய் விட்டு, இரண்டாம் வரியிலிருந்து எழுதினேன்.

ஏட்டாளனே! உன் பேத்தியோடு யான் பேசுவதும் உன் பகைவர் மொழியில். உன் பேத்தி என்னோடு பேசுவதும் அம்மொழியில். அதனைக் கல்லாதிருந்தால் அவள் துயர் கேளேன். கற்றதனால் அவள் இழந்ததன் மேலேயே கால் வைத்து நடக்கிறேன். இதற்கு யான் என் செய்கோ!

ஓய்வு நாளில் பாழ்பட்ட பழைய மாயர் நகரான திக்காலுக்குப் போவேன். தீவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். காடு விலகக் கற்கோயில்கள் வானை முட்டுகின்றன. முற்றத்தின் கிழக்கே முதற்கோயில். உயரம் 47 மீட்டர். மேற்கே அதனை நோக்கியபடி இரண்டாங்கோயில். மேலே நிலைகளில் இட்ட உத்தரங்கள் சப்போட்டா மரத்தால் ஆனவை. ஆயிரத்து இருநூறு ஆண்டு கடந்தும் உளுக்கா வயிரம். நான்காங்கோயிலின் செதுக்கு உத்தரங்களோ இங்கில்லை; 19ஆம் நூற்றாண்டில் பெயர்க்கப்பட்டுச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போயின.

முதற்கோயிலின் அடியில் துயின்றவன் ஹசாவ் சான் கவீல். 682இல் அரியணை ஏறினான். 695இல் கலக்முல் வேந்தனின் படையை வென்று, நெடுநாள் தாழ்ந்து கிடந்த தன் நகரை நிமிர்த்தினான். 1962இல் அவன் கல்லறை திறந்தபோது, பச்சைமணிக் குவியலோடு செதுக்கிய எலும்புகளும் கிடைத்தன. ஓர் எலும்பில் ஒரு படகு. முன்னும் பின்னும் துடுப்பு வலிக்கும் கடவுளர். நடுவே மக்காச்சோளக் கடவுள். உடன் உடும்பும் குரங்கும் கிளியும் நாயும். படகிலிருப்போர் கையை நெற்றிக்கு உயர்த்துகின்றனர். மாயர் கலையில் அது சாவுக்கு உரிய சைகை. விரற்கடை அளவுக் கோட்டில் ஒரு மன்னுயிரின் இறுதிப் பயணத்தைக் கீறிய கை உன் முன்னோனுடையது. இரங்கற்பா எழுத யார் உனக்குக் கற்பிக்க வேண்டும்!

அம்முற்றத்தில் நட்ட எழுத்துக் கற்கள் நாள் சொல்லும். திக்காலின் மூத்த நாட்கல் 292ஆம் ஆண்டுக்கு உரியது. கடைசிக் கல் 869க்கு உரியது. அதன்பின் கல் நடுவார் இல்லை. மழை பொய்த்தது என்பர். போர் ஓயவில்லை என்பர். மன்னரை மக்கள் நம்பவில்லை என்பர். நகர் காடாயிற்று. எனினும் அதனை மாயரின் முடிவென்று சொல்வோர் அறியார். நகர் ஒழிந்தது, எழுத்து ஒழியவில்லை. வடக்கே யுக்கத்தானிலும், பின் இவ்வேரித் தீவிலும், கையிலிருந்து கைக்கு அது வந்தது. எண்ணூறு ஆண்டுகள் அதனைக் காத்து வந்த வரிசையின் கடைசி நீ.

1696 சனவரியில் அவெந்தாஞோ என்னும் துறவி உன் தீவுக்கு வந்தார். இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காத்தூன் என்னும் உங்கள் கால வட்டத்தை அவர் முன்னரே கற்றிருந்தார். புதிய வட்டம் பிறக்கிறது, புதிய சமயம் ஏற்கும் காலம் இதுவென்று உங்கள் கணக்கைக் கொண்டே உங்களோடு வாதிட்டார். அப்போது ஏடும் இருந்தது, அதனைப் படிக்கும் கண்ணும் இருந்தது. அடுத்த ஆண்டு படை வந்தது. பிறகு உன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நீ காட்டினுள் ஓடினையோ? கட்டுண்டு போயினையோ? ஏடிழந்த பின்னும் நெடுநாள் வாழ்ந்து, மக்காச்சோளம் விதைத்து, மண்ணில் விரலால் ஓரெழுத்து எழுதி, மகன் காணுமுன் அழித்தனையோ?

இன்று கற்றோர் உன் எழுத்தைப் படிக்கின்றனர். மாய இளையோரும் கற்றுத் தம் பெயரை அதில் எழுதுகின்றனர். நன்று, நெடிது வாழ்க. ஆயினும் அவருள் ஒருவரும் உன்னிடம் கற்றவர் அல்லர். வேந்தன் முடி சூடிய நாள் அறிவோம்; பகைவன் பிடிபட்ட நாள் அறிவோம்; உன் நகரை வென்ற நாளை வென்றவரே எழுதினர்; உன் ஏட்டை எரித்த நாளை எரித்தவரே காத்தனர். இத்தனை நாளையும் எண்ணக் கற்ற குலத்தின் கடைசிக் கண் மூடிய நாள் எது? அதனைக் குறிக்கத் தெரிந்தவன் ஒருவனே. அவனே அன்று இறந்தான்.

இறந்த திதி தெரியாதார்க்கு அமாவாசையில் எள்ளும் நீரும் இறைத்து ஆறுவது எம் ஊர் வழக்கம். நாளையே தெய்வமாய்த் தொழுது, நாளுக்கே உணவிட்டு, நாளின் பெயராலேயே வாழ்ந்தவன் நீ. ஏதோ ஒரு நாளில் இறைக்கும் நீர் உனக்கு எங்ஙனம் ஒவ்வும்?