யாரு கேட்டீங்க?

தும்மல் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கைக்குட்டையைத் தேடுவீர்கள். கிடைக்காவிட்டால் முழங்கையை மடக்கி மூக்கை மூடிக்கொள்வீர்கள். நம் வீடுகளில் நாற்பது, ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலர் அந்த அரை விநாடியில் வேறொரு காரியம் செய்கிறார்கள். சட்டென்று இரண்டு கால்களையும் ஒட்டிக்கொள்கிறார்கள். உட்கார்ந்திருந்தால் கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொள்கிறார்கள்.

காரணம் எளிது. தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால், குடத்தைத் தூக்கினால் அவர்களுக்குச் சிறுநீர் கசிந்துவிடுகிறது.

'இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவது?' என்று முகம் சுளிக்காதீர்கள். சர்க்கரை அளவைப் பந்தியில் உட்கார்ந்து ஒப்பிடுகிறோம். மலச்சிக்கலுக்கு டி.வி-யில் விளம்பரம் வருகிறது. இது மட்டும் என்ன பாவம் செய்தது?

எனக்கு ஊர் கொடுமுடி. மகுடேஸ்வரர் கோயில், காவிரி, ஆடிப் பதினெட்டுக் கூட்டம், கே.பி.சுந்தராம்பாள்... இவற்றில் ஏதாவது ஒன்றால் உங்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அங்கே தோட்டத்தில் இருக்கிறார் என் அத்தை, அப்பாவின் அக்கா. வயது அறுபத்து நான்கு. நாலு பிள்ளை பெற்றவர். கட்டுத்தரையில் எருமைகளைப் பார்த்து, சோளத்தட்டுக் கட்டைத் தலையில் சுமந்து, மஞ்சள் வெட்டுக்கு ஆட்களோடு ஆளாய் நின்றவர்.

சொந்தத்தில் அவரைப் பற்றி மூன்று குற்றச்சாட்டுகள் உண்டு. ஒன்று, கஞ்சம். ஈரோடு போக வேண்டுமானால் பஸ் ஏற மாட்டார், எத்தனை நேரமானாலும் பாசஞ்சர் ரயிலுக்குக் காத்திருப்பார். இரண்டு, தலைக்கனம். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். மூன்றாவதுதான் பெரியது. பேத்தியின் சீருக்குப் போனவர், பந்தி போடும் நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். எங்கள் பக்கம் விசேஷத்துக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்புவது சின்ன விஷயமில்லை. சம்பந்தி வீட்டில் இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது அத்தையின் மகள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் திண்ணையில் அத்தையோடு கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். நான் ஏதோ ஆபீஸ் கதை சொல்ல, அத்தை குலுங்கிச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் முகம் மாறி, எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வேறு சேலை.

"எத்தன வருசமா அத்தை?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கடைசிப் பையன் பொறந்ததுல இருந்து கண்ணு. முப்பது வருசத்துக்கு மேல இருக்கும்."

"ஏனுங் அத்தை, யாருகிட்டயும் சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டீங்க?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று குற்றச்சாட்டுகளும் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ரயிலில் கழிப்பறை இருக்கிறது, பஸ்ஸில் இல்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் அவசரம் வராது என்பது அவர் கணக்கு. சீரன்றைக்கு வந்த தொடர் இருமலில் பட்டுச்சேலை நனைந்துவிட, பின்வாசல் வழியாக வந்துவிட்டார். இதைச் சம்பந்தியிடம் சொல்வதைவிடத் திமிர் பிடித்தவள் என்ற பெயர் மேல் என்று நினைத்திருக்கிறார்.

நான் பி.காம். படித்தவள். எங்களுக்கு முதல் வருடமே தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு இயந்திரம் வாங்கினால், அது வருடா வருடம் தேயும், அதைக் கணக்கில் எழுத வேண்டும், பராமரிப்புக்குத் தனியே எடுத்து வைக்க வேண்டும். டிராக்டருக்கு அப்படிக் கணக்குப் பார்க்கிற குடும்பங்கள் நம்முடையவை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் லேகியம், பத்தியம், வெந்நீர்க் குளியல், வயிற்றுக்குத் துணிக்கட்டு என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறோம். ஆனால் பாரத்தையெல்லாம் அடியில் நின்று தாங்கிய தசையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அது எங்கே இருக்கிறது? இடுப்பெலும்பைக் கிண்ணம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கிண்ணத்துக்கு அடிப்பக்கம் எலும்பு இல்லை. முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி மாதிரி கட்டியிருக்கும் தசைகள்தான் அடித்தட்டு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அந்தத் தூளிமேல்தான் இருக்கின்றன. பிரசவத்தில் அது இழுபடுகிறது. தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, பளு தூக்குவது, உடல் எடை, மாதவிலக்கு நின்றபின் குறையும் ஹார்மோன் என்று ஒவ்வொன்றும் அதைத் தளர்த்துகிறது. தளர்ந்தால் கசிவு. இன்னும் தளர்ந்தால் கர்ப்பப்பை இறக்கம். ஊரில் 'அடி இறங்கிடுச்சு' என்று குசுகுசுப்பார்களே, அதுதான்.

இதில் நல்ல சேதி ஒன்றே ஒன்று. அதுவும் தசை. கை கால் தசையைப் போலவே அதற்கும் பயிற்சி கொடுக்கலாம்.

அத்தையை முதலில் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை இருக்கிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா, இறக்கம் எந்த அளவு என்று பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பேச்சு இப்ப வேண்டாம். மூணு மாசம் பிசியோதெரபி செஞ்சு பார்க்கலாம்" என்றார் அந்த அம்மா.

"கால்லயா நோவு? எதுக்கு பிசியோதெரபி?" என்றார் அத்தை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கேட்போம்.

பெண்களுக்கான பயிற்சியில் தேர்ந்த ஒரு இளம் பெண் பிசியோதெரபிஸ்ட். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, என்னென்ன செய்யப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லி அனுமதி கேட்டாள். பிறகு அத்தையிடம், "அம்மா, நாலு பேர் நடுவுல உக்காந்திருக்கீங்க. காத்துப் பிரியற மாதிரி இருக்கு. என்ன செய்வீங்க?"

"அடக்குவேன்."

"அதேதாங்கம்மா. பின்னாடி அப்படி அடக்கிட்டு, முன்னாடி சிறுநீரையும் அடக்கற மாதிரி இறுக்கி, கிணத்துல இருந்து வாளியத் தூக்கற மாதிரி உள்ள, மேல தூக்குங்க. எண்ணிட்டே புடிங்க. அப்புறம் முழுசா விடுங்க."

அத்தை கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்தார்.

"மூஞ்சிய இல்லீங்கம்மா!"

இந்த இடம் முக்கியம். பக்கத்து வீட்டில் சொல்லிக் கேட்டுச் செய்கிறவர்கள் பலர், மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். அது இருப்பதையும் கெடுக்கும். சிலர் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று பரிசோதித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஃபீஸ் அதற்குத்தான். (வெளியே வந்ததும், "ஊசியும் போடல, மாத்திரையும் தரல, எதுக்கு ஐநூறு ரூவா?" என்று கேட்டார் அத்தை. கஞ்சம் என்ற புகாரில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது!)

ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறி. அத்தைக்கும் ஏறக்குறைய அதுதான் சொல்லப்பட்டது. கூடவே மூன்று பாடங்கள். தும்மலோ இருமலோ வரும் என்று தெரிந்தவுடன், குடத்தைத் தூக்குவதற்கு முன்னால், முதலில் அந்தத் தசையை இறுக்க வேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பை எரிச்சலாகும், மலமும் இறுகும். 'எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்' என்று அரைமணிக்கு ஒரு தரம் ஓடும் பழக்கத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போட வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் கூடாது.

இது பாட்டி வைத்தியமோ புது மோஸ்தரோ இல்லை. இங்கிலாந்தில் நடனக் கலைஞரும் பிசியோதெரபிஸ்ட்டுமான மார்கரெட் மோரிஸ் 1936-லேயே இதை எழுதிவிட்டார். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கெகல், தசையின் பலத்தை அளக்க ஒரு கருவியும் செய்து, 1948-ல் கட்டுரை வெளியிட்டார். 'கெகல் பயிற்சி' என்ற பெயர் அவரால் வந்தது. 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 14 நாடுகளைச் சேர்ந்த 31 ஆய்வுகளை அலசியது. தும்மல், இருமலில் கசியும் வகையில், பயிற்சி செய்த பெண்களில் நூற்றுக்கு 56 பேர் 'குணமாகிவிட்டது' என்றார்கள். செய்யாதவர்களில் நூற்றுக்கு 6 பேர்தான். பிரான்ஸில் பிரசவமான பெண்ணுக்கு இந்தப் பயிற்சி அமர்வுகளின் செலவை அரசுக் காப்பீடே ஏற்கிறது.

நம் ஊரில் யாருமே பேசவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டுப் பகுதியில் 1981-ல் கிராமத்துத் தலித் பெண்கள் சேர்ந்து தொடங்கிய 'ரூவ்செக்' அமைப்பு, கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தது. 1999-ல் அது அச்சிலும் வந்தது. பிரசவமான கொஞ்ச நாளிலேயே கனத்த வேலைக்குத் திரும்பியவர்கள், வருடக்கணக்கில் வைத்தியமில்லாமல் சமாளித்தவர்கள்... கொடுமுடியிலிருந்து எவ்வளவோ தூரம். கதை மட்டும் அத்தையின் கதை.

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொன்னால் அது பொய். இறக்கம் முற்றியிருந்தால் உள்ளே வைக்கும் வளையமோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். சிலருக்குப் பிரச்னையே வேறு: தசை தளராமல், எப்போதும் இறுகிக் கிடக்கும். அடிவயிற்று வலி, சிறுநீரோ மலமோ கழிக்கச் சிரமம், தாம்பத்தியத்தில் வலி என்று வரும். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் தேவை. இறுக்கினால் வலி கூடும். சிறுநீரில் ரத்தம், திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்வது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது என்றால் பயிற்சியைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆண்களே, நீங்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் கசிவுக்கும் இதே தசைக்குத்தான் பயிற்சி தருகிறார்கள்.

அத்தைக்கு என்ன ஆயிற்று? முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை. "சும்மா உக்காந்து இறுக்கிட்டிருக்கறதுக்கு ரெண்டு சொளகு கடலைக்காய் உரிச்சிருப்பேன்" என்று திட்டினார். இரண்டாம் மாதம் தும்மலைச் சமாளித்துவிட்டதாகப் போன் வந்தது. மூன்றாம் மாத முடிவில் கரூர்-ஈரோடு பஸ்ஸில் ஏறி மகள் வீட்டுக்குப் போனார். பையில் ஒரு மாற்றுச்சேலை வைத்திருந்தார். அதற்கு வேலை வரவில்லை. கடும் இருமல் வந்தால் இப்போதும் கொஞ்சம் கசியத்தான் செய்கிறது. சம்பந்தியம்மாவிடம் நடந்ததை மகள் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த பிசியோதெரபி எங்க இருக்குது?" என்று கேட்டாராம்.

சென்னை, கோவை மாதிரி நகரங்களில் இதற்கென்றே தேர்ந்த பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். சிற்றூர்களில் தேடத்தான் வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகளும் வீடு தேடி வந்தார்கள். நடமாட முடியாதவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுத்த அந்த ஏற்பாட்டில், பிரசவமான பெண்ணுக்கு இந்த ஒரு பயிற்சியையும் சேர்த்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இதற்குக் கட்டடம் வேண்டாம், மெஷின் வேண்டாம். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒரு பெண்ணும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் போதும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். அம்மாவிடம், அத்தையிடம், மாமியாரிடம் கேளுங்கள். "உங்களுக்குக் கசியுதா?" என்று போட்டு உடைத்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "ஏன் தண்ணியே குடிக்க மாட்டேங்கறீங்க?" என்று ஆரம்பியுங்கள். பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது கேளுங்கள். முதல் தடவை பேச்சை மாற்றுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள்.