42ஆம் பக்கம்



கெடாவின் தோட்டப் பள்ளி ஒன்றில் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களை இணைத்து ஒரே அறையில் கணிதம் கற்பித்திருக்கிறேன். மாணவர் குறைந்த பள்ளிகளில் இணைவகுப்பு புதிதன்று. இருவருக்கும் ஒரே நேரத்தில் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்வோம். உண்மையில் பத்து நிமிடம் இவர்களுக்கு, பத்து நிமிடம் அவர்களுக்கு.

ஒற்றைச் செயலகம் கொண்ட கணினியும் இப்படித்தான் பல நிரல்களை ஓட்டுகிறது. இயங்குதளத்தின் கெர்னல் ஒரு நிரலை நிறுத்தும்போது, அது எந்தக் கட்டளையில் நின்றது, பதிவகங்களில் என்னென்ன எண்கள் இருந்தன என்று குறித்து வைத்துவிட்டே அடுத்ததை எழுப்பும். 1991இல் எல்சிங்கியில் லினசு தோர்வால்டுசு தமது 386 கணினியில் முதலில் செய்து பார்த்ததும் இந்த மாற்றத்தைத்தான்: ஒரு பணி 'ஏ' என்றும் மற்றொன்று 'பி' என்றும் திரையில் மாறி மாறி எழுதின. லினக்சு அதிலிருந்து வளர்ந்தது.

நினைவகத்தின் கதை இதனினும் நுட்பமானது. இரண்டு நிரல்கள் ஒரே முகவரி எண்ணைச் சொல்லலாம். அவை சென்று சேரும் இடங்கள் வேறு. 386இல் நினைவகம் 4096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. எந்தப் பக்கம் உண்மையில் எங்கே உள்ளது என்பதை ஒவ்வொரு நிரலுக்கும் உரிய தனி அட்டவணை சொல்லும். ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் புரட்டினால் தாமதமாகும் என்பதால், அண்மையில் பார்த்தவற்றைச் செயலகம் ஒரு சிறு குறிப்பில் வைத்துக்கொள்ளும். நிரல் மாறி அட்டவணை மாறும்போது அந்தக் குறிப்பை அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் திறப்பார். பிற்காலச் செயலகங்கள் குறிப்பில் நிரலின் அடையாள எண்ணையும் சேர்த்து எழுதுவதால் ஒவ்வொரு முறையும் அழிக்கத் தேவையில்லை.

நான் அழிக்கத் தவறினேன்.

"42ஆம் பக்கம், மூன்றாம் கேள்வி" என்று இரு வகுப்புக்கும் சொல்லியிருந்தேன். நான்காம் ஆண்டுக்கு விடை சொல்லிவிட்டுத் திரும்பி, மூன்றாம் ஆண்டுச் சிறுவன் ஒருவனின் ஏட்டில் தவறு எனக் குறியிட்டேன். அவனது விடை சரி. என் மனத்தில் இருந்ததோ நான்காம் ஆண்டின் 42ஆம் பக்கம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அழிப்பானால் தாள் கிழியும்வரை தேய்த்தான்.

மறுநாள் காலை அவன் தாயார் வந்தார். கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துச் சீருடையோடு வந்திருந்தார். "டீச்சர், எனக்குக் கணக்கு வராதுன்னு ராத்திரியெல்லாம் சொன்னானாம். பாட்டி போன் பண்ணாங்க" என்றார்.

நிறுத்தி வைத்த நிரல் காத்திருக்கும்போது எதையும் நினைப்பதில்லை. பிள்ளை நினைக்கிறது.

வகுப்பின் முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது இரண்டு வகுப்புக்கும் இரண்டு நிற ஏடுகள் வைத்திருக்கிறேன். ஒன்றை மூடாமல் மற்றதைத் திறப்பதில்லை. அவன் அதே விடையைக் கிழிசலுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் மீண்டும் எழுதினான். எழுதுமுன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான்.