கூழு

பள்ளிக்கூடத்தில் ஊர்த்தெருப் பசங்களுக்கு என் பெயர் ‘கூழு’. தூக்கில் கேவுரு கூழ் கொண்டுபோவேன். புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துதான் குடிப்பேன். “இனிமே கூழு வேணாம்மா” என்று அழுதேன். “வேற என்னாடா இருக்குது நம்மகிட்ட?” என்றாள் அம்மா.

பிறகு செங்கல் சூளை வேலைக்குப் போனேன். பக்கத்துக் குடிசைத் தெலுங்கு அம்மா பிள்ளையைக் ‘கூடு’ தின்னக் கூப்பிட்டாள். சட்டியில் இருந்தது சோறு! கன்னடத்திலும் சோற்றுக்குக் ‘கூளு’ என்று பெயர் உண்டு. எல்லாம் ஒரே வேர். நம் ழகரம் அங்கே டகரமாக, ளகரமாக நிற்கிறது.

குறள் 381-இல் அரசனுக்கு வேண்டிய ஆறில் கூழும் ஒன்று. பரிமேலழகர் அதற்குப் பொருள் என்று உரை எழுதினார். அரசனிடம் இருந்தால் செல்வம், சேரிக்காரன் தூக்கில் இருந்தால் கேவலமா?

இப்போது யார் கேட்டாலும் உரக்கவே சொல்கிறேன்: “கூழு குடிச்சேன்.” கேட்க அம்மாதான் இல்லை.