பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினாரு"... குழந்தை பேசத் தாமதமானால் எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் கிடைக்கும் பதில்கள் இவை. என் பெரியம்மா பேரனுக்கும் இப்படிச் சொல்லியே ஒரு வருடம் ஓடிவிட்டது. பி.காம் படிக்கிற எனக்கு ஆட்டிசத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அவனுக்காக அக்கா அலைந்தபோது கூடப் போனதிலும், பிறகு தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எதைக் கவனிப்பது? ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது, ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்க்காதது, பேசிய சொற்களே மறைந்துபோவது. இவற்றில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. ஆனால் டாக்டரைப் பார்க்க அந்த ஒன்றே போதும்.

சரி, என்ன செய்யலாம்?

1. முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பாததற்குக் காதும் காரணமாக இருக்கலாம்.

2. கவலைப்படுத்துவதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். செல்போனில் சின்னச் சின்ன வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் குழந்தை வேறு மாதிரி இருக்கும்.

3. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்ற 20 கேள்விப் பட்டியல் உண்டு. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். இது சல்லடை மட்டுமே, முடிவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

4. அரசு வழியும் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. சந்தேகமுள்ள குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சை இலவசம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நீங்களே கேளுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் 'நிப்மெட்' நிறுவனமும் இருக்கிறது.

5. முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். குழந்தையின் கண் மட்டத்துக்குத் தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள். அது பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016-ல் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழும் சலுகையும் அந்த வழியில் வரும். பயிற்சி தொடங்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்று. அம்மா சரியாகக் கொஞ்சவில்லை, அதனால்தான் இப்படி என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே சொன்னார்கள். அது தவறு என்று ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. நம் வீடுகளில்தான் மருமகள் தலையில் இன்னும் அந்தப் பழி விழுகிறது. 'முழுசா குணமாக்கித் தருகிறேன்' என்பவரிடமும் ஜாக்கிரதை, அப்படி ஒரு மருந்து கிடையாது. தமிழில் படிக்க எஸ்.பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' இருக்கிறது.

சந்தேகம் பொய்யானால் பஸ் செலவோடு போகும், சந்தோஷம்தான். நிஜமாக இருந்துவிட்டால், காத்திருந்த மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.