மீன் தீனி தேடி ஒத்தக்கடைக்கு!

மதுரைப் பிள்ளைகளுக்கு மீன் ஆசை தெப்பக்குளத்துப் படியில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தில் நான் சிறுமியாய் இருந்தபோது தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும்தான் தண்ணீர். மற்ற நாளில் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். சில ஆண்டுகளாக வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து, குளம் குளமாகவே இருக்கிறது. சாயங்காலம் ஒரு பொட்டலம் பொரி வாங்கித் தூவினால் மீன்கள் மொய்க்கிற அழகே தனி!

அதைப் பார்த்துவிட்டுத்தான் எட்டாவது படிக்கும் என் சின்னவன் கண்ணாடித் தொட்டி கேட்டு நச்சரித்தான். கப்பி மீன் ஆறு வந்தது. முதல் வாரமே பொரியைப் போட்டுத் தண்ணீரைக் கெடுத்தான், அது வேறு கதை. கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும். ஒரு மாதத்தில் பதினேழு குட்டிகள்! கண் மட்டும் கறுப்பாய்த் தெரியும் துரும்புகள். கடையில் வாங்கிய குருணைத் தீனி அதுகளின் வாய்க்குள் நுழையவில்லை. தினம் ஒன்றாகச் செத்தன.

"உயிருள்ள தீனி கொடுங்க தம்பி, கொசுப்புழு போட்டா ஜம்முனு வளரும்" என்று கடையில் சொல்லி அனுப்பினார்களாம். சொன்னதில் பொய்யில்லை. ஆனால் என் பிள்ளை மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால், பழைய பெயிண்ட் வாளியில் கொசுப்புழுப் பண்ணையே ஆரம்பித்துவிட்டான். எனக்குத் தெரியாது. அப்போது பெரியவள் தலைப்பிரசவம் முடிந்து வந்திருந்தாள். குழந்தைக்கு நாற்பது நாள். பட்டப்பகலில் அதன் காலில் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு!

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் பெண்தான் கண்டுபிடித்தார். டார்ச்சை அடித்து, "இத யாருக்கா வளக்குறது?" என்றார். நான் விழித்தேன். "இது டெங்குக் கொசுக்கா. நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். பகல்லதான் கடிக்கும். எட்டு பத்து நாள்ல பறந்துரும்." வாளியைச் சுடுதரையில் கவிழ்த்தார். நானும் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். "கவுத்தா மட்டும் பத்தாதுக்கா. நாரு போட்டு உள்பக்கம் தேய்ங்க. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, தண்ணி பட்டா பொரிச்சிரும்."

இது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. குடம், அண்டா, பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு எல்லாவற்றையும் அன்று தேய்த்தேன். அடுத்து வந்த பத்து ராத்திரியும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தூக்கம் ஏது?

"தொட்டியை யாருக்காவது கொடுத்துடு" என்றார் வீட்டுக்காரர். பையன் சாப்பிட மறுத்தான். அப்போதுதான் அண்ணன் வீட்டு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி போய், மேலூர் ரோட்டில் பஸ் ஏறினேன். யானை படுத்திருப்பது போல யானைமலை, அதன் அடிவாரத்தில் ஒத்தக்கடை. அங்கிருந்து உள்ளே போனால் வயல்கள். மேற்கே கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இந்தப் பக்கம் திருப்பிவிட்டதால் விளையும் பூமி.

மதினி வீட்டு வேப்பமர நிழலில் தார்ப்பாய் விரித்த குழி. அதில் பச்சைக் கம்பளமாய் அசோலா. சாணிக் கரைசல்தான் அதற்கு உரம். மாட்டுக்குத் தவிட்டோடு கலந்து வைக்கிறார்கள். "மீனுக்கா? கோழியே கொத்தித் தின்னு தீத்துருது, எடுத்துக்கம்மா" என்று ஒரு பை அள்ளிக் கொடுத்தார். காயவைத்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதமாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் கப்பிகள் அதை அவ்வளவாகச் சீண்டவில்லை. பக்கத்து வீட்டுக் கோல்ட் பிஷ்தான் ஆசையாய்த் தின்றது.

நிஜமான புதையல் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துக் குட்டையில் இருந்தது. விடிகாலையில் ஓரத்தில் செம்பழுப்பாய் மேகம் போல ஒன்று அசைந்தது. அண்ணன் மகன் பழைய வேட்டித் துண்டால் அரித்து எடுத்தான். புள்ளி புள்ளியாய்த் தத்தித் தத்திக் குதிக்கும் தண்ணீர்ப்பூச்சி. மீன் வளர்ப்பவர்கள் மொய்னா என்கிறார்கள். மனுஷரைக் கடிக்காது, பறக்காது. கொசுப்புழு நெளியும், தலைகீழாகத் தொங்கும். அப்படி ஒன்று தெரிந்தாலும் முழுவதையும் தரையில் கொட்டிவிட வேண்டும்.

வீட்டில் இப்போது இப்படிச் செய்கிறோம். மீன் தொட்டியில் மாற்றிய பழைய தண்ணீரை ஒரு வாளியில் வெயிலில் வைத்தால் பாசி பிடித்துப் பச்சையாகும். அதில் மொய்னாவை விட்டு, வாரம் இரண்டு முறை ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றுகிறோம். கூடினால் நாறி எல்லாம் செத்துவிடும்; முதல் வாளி அப்படித்தான் போயிற்று. வாளியின் வாயை வேட்டித் துணியால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது என் வேலை. அதைப் பிள்ளையிடம் விடுவதில்லை. துணியில் வடித்து, குளோரின் போக ஒரு நாள் வைத்த குழாய்த் தண்ணீரில் அலசித்தான் மீனுக்குப் போடுகிறோம்.

பிறந்த குட்டிக்கு மொய்னாவிலும் பொடிசுதான் ஏற்கும். பெரியதை அவை வளர்ந்த பின் தின்னும். மொய்னாவுக்கு வழியில்லாதவர்கள் வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து கடுகளவு கொடுக்கலாம். மிஞ்சினால் தண்ணீர் சீக்கிரம் கெடும். சாக்கடையில் வளரும் சிவப்பு நூல் புழுவும் கடையில் விற்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஊரிலிருந்து வந்தபோது மிஞ்சியிருந்த குட்டிகள் பதினொன்று. பதினொன்றும் வளர்ந்து, அவையும் குட்டி போட்டாயிற்று. போன மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தார். துணியை அவிழ்த்து டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, எங்க தெருக் கிணத்துல விட ஆறு கப்பி குடுப்பியா? புழுவைத் தின்னுரும்" என்றார்.

சின்னவன் ரொம்ப யோசித்து நாலு கொடுத்தான்.