முதலில் ஓர் அறை

கொடைக்கானலில் மே மாதம்தான் காசு புழங்கும். டாக்ஸி ஓட்டுகிறவர், குதிரை வைத்திருக்கிறவர், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கிறவர், கூடுதலாக ஓர் அறை வைத்திருக்கிறவர் என்று எல்லார் கையிலும் அப்போது நாலு காசு நிற்கும். ஜூன் பிறந்ததும் அது பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடும். எங்கள் தெருவிலேயே சில குடும்பங்கள் சீசன் முடியும்வரை முன்னறையை வாடகைக்கு விட்டுவிட்டு, சமையலறையில் ஐந்து பேராகப் படுத்து எழுகிறார்கள். அப்படி மிச்சம் பிடித்ததைப் பிள்ளையின் ஃபீஸுக்குக் கட்டுகிறார்கள். "நாம எப்படியோ இருந்துக்கலாம்க்கா, பிள்ளைக இங்கிலீஷ் பேசினாப் போதும்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் இளகும். ஆனால் அந்தக் கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை.

ஃபீஸா வீடா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது. இரண்டே அறை, தகரக் கூரை. நாங்கள் இருவர், மகள், மகன், என் மாமியார். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம், அவளைத் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் சேர்க்க வேண்டும் என்றார் என் கணவர். கூரையைப் பிரித்துவிட்டு மேலே ஓர் அறை எழுப்பலாம் என்றேன் நான். இரண்டுக்கும் போதுமான காசு இல்லை. சில இரவுகள் பேசினோம், சில இரவுகள் பேசாமல் படுத்தோம். என் மாமியார் மட்டும், "பத்து வயசுப் பிள்ளைய அனுப்பிட்டு இந்த வீட்டுல யாருக்குப்பா சமைக்கப் போறோம்?" என்று என் கணவரிடம் கேட்டார்கள்.

மலைவீட்டில் ஓர் அறை குறைவது என்ன என்பதைச் சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம் இது. திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வேப்பமரத்தடியிலோ பாயை விரித்துப் படிக்கிற வழக்கம் இங்கே பெரும்பாலான மாதங்களில் நடக்காது. மழையோ மூடுபனியோ வந்துவிட்டால் வீட்டு மனிதர்கள் எல்லோரும் உள்ளேதான். தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டிசம்பர், ஜனவரியில் விரல் விறைத்துப் பேனா பிடிக்க வராது. அதனால் பிள்ளைகள் அடுப்படியில் போய் உட்காருவார்கள். அங்கே புகை. சுவர் ஓதம் ஏறிப் புத்தகத்தின் அட்டையில் பூஞ்சை பூக்கும். பெரியவர்கள் பேச்சு, தொலைக்காட்சி, பாத்திரச் சத்தம், பாட்டியின் இருமல் எல்லாமே ஒரே பத்துக்குப் பத்துக்குள். மகள் கணக்குப் போடும்போது ஒரு கையால் காதைப் பொத்திக்கொள்வாள். அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது என்ன என்று யோசித்தபோது, ஒரு கதவு, ஒரு ஜன்னல், நனையாத ஒரு மேசை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அம்மா என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த ஊரின் பழைய கதையும் எனக்குத் துணை நின்றது. 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் இங்கே சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். சமவெளியின் வெக்கையிலும் நோயிலும் தங்கள் மக்களைப் பறிகொடுத்தவர்கள் உயிர் பிழைக்க ஏறி வந்த மலை இது. வீடு முதலில் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் வருவதற்கு 1901 ஆயிற்று. ஹைகிளெர்க் என்ற பெயரில் தொடங்கிய அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. மார்கரெட் எடி என்ற அம்மையார் அதன் முதல் தலைமை ஆசிரியை. அதற்கு முன்னால் அந்தக் குடும்பங்கள் படிக்கிற வயதுப் பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அந்தப் பிரிவு தாங்காமல்தான் பள்ளியையே தங்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். கோடையில் பெற்றோர் சமவெளியிலிருந்து ஏறி வந்து பிள்ளைகளோடு தங்குவார்கள். இன்றைக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் படிக்க வரும் இதே மலையிலிருந்து, இங்கே பிறந்த பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் பழநிக்கும் விடுதி தேடி இறங்குகிறார்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு விளைவிக்கிற வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். பூண்டு விலை இருக்கிற வருடம் ஃபீஸ் கட்டிவிடுகிறார்கள். விலை விழுந்த வருடம் நகை அடகுக்குப் போகிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கூட்டிப் பார்க்காமல் இந்த முடிவை யாரும் எடுக்கக் கூடாது. முதல் வகுப்பில் வருடத்துக்கு 60,000 ரூபாய் ஃபீஸ் என்றும், அது வருடந்தோறும் நூற்றுக்குப் பத்து ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அது ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டும். பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 12.8 லட்சம், இரண்டு பிள்ளைக்கு 25 லட்சத்துக்கு மேல். வேன், சீருடை, புத்தகம், விடுதி எல்லாம் தனி. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்க வேண்டும் என்று 2009-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கவுன்ட்டரில் கேட்கிற பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவச இடம் கிடைத்த குடும்பங்களுக்கும் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் முழு ஃபீஸும் ஒரே நாளில் வாசலுக்கு வரும்.

வீட்டுப் பக்கமும் மலிவு என்று சொல்ல மாட்டேன். 20 லட்சம் கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் 20 வருடம் கட்டினால் மாதத் தவணை 18,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 43 லட்சம் போயிருக்கும். பெரிய வீடு என்ற ஆசையும் ஃபீஸைப் போலவே குடும்பத்தை அரித்துவிடும். நான் கேட்டது ஓர் அறை. 6 லட்சம், 10 வருடம், அதே வட்டி என்றால் மாதம் 7,600 ரூபாய், மொத்தம் 9.12 லட்சம். பழைய வருமான வரி முறையில் 80சி பிரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கடனின் அசலுக்கும் சேர்த்து ஒரே ஒன்றரை லட்சம்தான் உச்சவரம்பு. நடுத்தரக் குடும்பத்துக்கு இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்று சட்டமே எண்ணியதுபோல் எனக்குப் படும்.

மலையில் கட்டுவது சிரமம். மணலும் செங்கலும் கம்பியும் வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறி வர வேண்டும். அந்த லாரி வாடகையிலேயே கீழே ஒரு சுவர் எழும்பிவிடும். மழைக்காலத்தில் கான்கிரீட் போட முடியாது. 1993-இன் மாஸ்டர் பிளான், மலைப்பகுதிக் கட்டட விதிகள், உயரக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் பார்த்துத்தான் அனுமதி கிடைக்கும். இந்தக் கட்டுப்பாடுகளை நான் வரவேற்கிறேன். விதியை மீறிச் சரிவுகளில் எழுந்த விடுதிகள் உயர் நீதிமன்ற உத்தரவால் சீல் வைக்கப்பட்டதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. நிலச்சரிவுக்குப் பயந்து தூங்காத இரவுகளையும் பார்த்திருக்கிறது. பிள்ளைக்காகக் கட்டுகிற அறைக்கு அடுக்கு மாடி தேவையில்லை. எங்களுக்கு அனுமதி வாங்கவே ஒரு மழைக்காலம் கழிந்தது. பிறகு அறை எழும்பியது. இருவர் படிக்கிற மாதிரி ஒரு நீள மேசை, கிழக்கே ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

மகள் ஆறாம் வகுப்புக்கு ஊர் அரசுப் பள்ளிக்குப் போனாள். இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் மாறும். அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மலைக் கிராமங்களுக்கு மாற்றலாகி வருகிற ஆசிரியர்களில் பலர் கீழே இறங்குகிற நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அறிவியலுக்கோ கணக்குக்கோ ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும். ஆனால் கட்டாத ஃபீஸில் ஒரு பங்கு இந்த ஓட்டையை அடைக்கப் போதுமானதாக இருந்தது. தெருவில் கல்லூரி முடித்த பெண் ஒருத்தி வாரத்தில் மூன்று மாலை வந்து, எங்கள் மேசையிலேயே நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறுவருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. அப்படிப் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் எந்த வாசலில் பிள்ளையை விடுகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று பல பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை.

சில வீடுகளுக்கு என் முடிவு பொருந்தாது. பள்ளிக்குப் போக பஸ் இல்லாத கிராமம், தனிக் கவனம் தேவைப்படுகிற பிள்ளை, குடித்துவிட்டு வருகிற தகப்பன் இருக்கிற வீடு இவற்றில் விடுதிதான் பிள்ளைக்குக் காப்பு. அவர்களைப் பார்த்து வீடு கட்டு என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்.

ஆனால் வேறொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கென்று கட்டிய அறையை ஏப்ரல் வந்ததும் பெயின்ட் அடித்து, கீசர் மாட்டி, ஹோம்ஸ்டே என்று பலகை வைத்துவிடுகிற வீடுகளை அறிவேன். மேசை வெளியே போகும், பிள்ளை மறுபடி அடுப்படிக்குப் போகும். ஒரு சனி ஞாயிறுக்கு வருகிற தொகையைக் கேட்டால் யாருக்கும் மனம் சலனப்படும். எங்கள் கதவையும் தட்டிக் கேட்டார்கள். வேண்டாம் என்று என் கணவரே சொல்லி அனுப்பினார். விடுதிதான் என்று அத்தனை நாள் வாதாடியவர் அவர்.

ஃபீஸா வீடா என்று தவிக்கிற பெற்றோரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். அட்மிஷன் படிவம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலைநாளில் உங்கள் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலி உங்களுடையது, போய் உட்காருங்கள். வீட்டில் பிள்ளைக்கு ஓர் இடம் இல்லையென்றால் அதை முதலில் கட்டுங்கள். சீசனுக்கு விடாதீர்கள்.