காவல் எங்கே நிற்க வேண்டும்?



நாம் வசிப்பது நீலகிரி மலையில். மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிர் இங்கு எலும்பைத் துளைக்கும். சென்ற ஆண்டு அத்தகைய ஓர் இரவில், இரும்புச் சட்டியில் கரிக்கங்குகளை அள்ளிவந்து படுக்கையறையில் வைத்தோம்; சன்னல்களையும் கதவையும் இறுக அடைத்தோம். சுடர் இல்லை, புகை இல்லை. ஆகவே அச்சமும் இல்லை.

தஹஜ்ஜுத் வேளையில் எழுந்த நம் துணைவியார், தலை பிளக்கும் வலியால் சுவரைப் பற்றி நின்றார். ஒன்பது வயது மகளை எத்தனை முறை அழைத்தும் கண் திறக்கவில்லை. கதவைத் திறந்து, அவளை வாசலுக்குத் தூக்கிச் சென்றோம். மருத்துவமனையில் ஆக்சிஜன் அளித்தபின் அவள் “அத்தா” என்றபோதுதான் நமக்கு உயிர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அடைத்த அறையில் கனலும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடும் என்று மருத்துவர் விளக்கினார். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உறங்குபவர் விழிக்காமலே உணர்விழப்பார்.

மதீனாவில் ஓர் இல்லம் இரவில் எரிந்த செய்தி கேட்டு, நெருப்பைப் பகையாகக் கருதி உறங்குமுன் அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதைப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். அதைப் பல்லாண்டுகள் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்த நாமே நம் வீட்டில் மறந்தோம்.

பின்னர், புகைக்கு ஒன்றும் அவ்வாயுவுக்கு ஒன்றுமாக இரு எச்சரிக்கைக் கருவிகள் வாங்கி, முன்கூடத்தில் கடிகாரத்தின் அருகே மாட்டினோம். மின்பணி செய்யும் நம் பழைய மாணவர் அதைக் கண்டு, “ஹஜ்ரத், நீங்கள் கதவைச் சாத்தி உள்ளறையில் உறங்குகிறீர்கள். காவலாளியைத் தெருமுனையில் நிறுத்தினால் எப்படி?” என்று பணிவோடு கேட்டார். அன்று நாம் மாணவரானோம்.

புகை மேலெழும், ஆதலால் அதற்குரிய கருவி கூரையில் இருக்க வேண்டும். சுவரில் மாட்டினால், கூரையிலிருந்து 4 முதல் 12 அங்குலத்துக்குள். ஒவ்வொரு படுக்கையறையிலும், அதன் வெளியேயுள்ள நடையிலும், ஒவ்வொரு மாடியிலும் ஒன்று தேவை. அடுப்பிலிருந்து 10 அடியேனும் தள்ளியிருக்கட்டும். இல்லையேல் தாளிக்கும்போதெல்லாம் அலறும், நாமும் சலித்துப் பேட்டரியைக் கழற்றிவிடுவோம். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து பரவுவது. அதன் கருவியை உறங்கும் இடத்தருகே, திரைக்கோ அலமாரிக்கோ பின்னால் மறையாமல், கையேடு கூறும் உயரத்தில் வைக்க வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி வேறு. வாங்கும்போது கவனம் தேவை.

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். புகைக் கருவியை 10 ஆண்டுகளில் மாற்றுங்கள். மற்றதை, அதில் குறித்துள்ள காலம் முடிந்ததும். ஒலி எழுந்தால் காரணம் தேடி நில்லாமல், அனைவரையும் எழுப்பி வெளியேறுங்கள்.

மத்ரஸா விடுதியில் பிள்ளைகள் உறங்கும் கூடத்திலும் இன்று இக்கருவிகள் உள்ளன. பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அவர்கள். ஆயினும் கருவி, நெருப்பை அணைப்பதற்கு மாற்றன்று. கங்குச் சட்டி இப்போது எந்த அறைக்குள்ளும் வருவதில்லை.

உறங்கும் நம் குடும்பங்களை அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.